கொழும்பில் தொடங்கினால் டிக்கெட் மலிவு: வாங்கலாமா, கட்டுநாயக்கவில் மூன்று மணி நேரம் போதுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மே மாதம் நீங்கள், மனைவி, ஏழு வயது மகள், அறுபத்தெட்டு வயது அம்மா ஆக நான்கு பேர் சென்னையிலிருந்து லண்டன் போய் மூன்று வாரத்தில் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் பிசினஸ் கிளாஸ் பார்த்திருக்கிறீர்கள். ஒரு வளைகுடா விமான நிறுவனத்தின் தளத்தில் புறப்படும் ஊராகச் சும்மா கொழும்பு என்று போட்டுப் பார்த்தபோது, அதே தேதிக்கு ஆளுக்கு எண்பதாயிரம் ரூபாய் குறைந்திருக்கிறது. எகானமியில் குறைந்தது ஒன்பதாயிரம்தான். இதில் ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா, சென்னையிலிருந்து தனி டிக்கெட்டில் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய் அங்கே மாற மூன்று மணி நேர இடைவெளி போதுமா என்று கேட்கிறீர்கள். இரண்டு கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: அந்த எண்பதாயிரத்துக்காக நீங்கள் எந்தப் பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொள்கிறீர்கள்?

நான் அண்ணா சாலையில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடும் மேஜையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவன். சிவப்புக் கார்பன் தடவிய கூப்பன் புத்தகத்தில் கையால் எழுதிய காலத்தில் சேர்ந்தேன். 2008 மே மாதத்தோடு காகித டிக்கெட் உலகம் முழுக்க முடிவுக்கு வந்தபோதும் அதே மேஜையில்தான் இருந்தேன். கொழும்பில் தொடங்கும் டிக்கெட்டுகளை மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், நானும் போயிருக்கிறேன். ஆனால் நான் டிக்கெட்காரன் மட்டுமே. விசா பற்றிச் சொல்லும் இடங்களில் என் பேச்சோடு நின்றுவிடாமல் அந்தந்த அரசுத் தளத்தையும் பார்த்துவிடுங்கள்.

முதலில் விலை. பஸ் டிக்கெட் போல இதில் கிலோமீட்டர் கணக்குக் கிடையாது. ‘இந்த ஊரில் தொடங்கி அந்த ஊருக்குப் போய்வர இவ்வளவு’ என்று ஒவ்வொரு ஜோடி ஊருக்கும் நிறுவனம் தனித்தனியாக விலை வைக்கிறது. சென்னையில் ஏறியவரும் கொழும்பில் ஏறியவரும் வளைகுடாவில் இறங்கி ஒரே லண்டன் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காருவார்கள், ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். கொடுத்த காசு மட்டும் வேறு. டிக்கெட்டில் பெயருக்கு அடுத்தபடி முக்கியமான விஷயம் தொடங்கும் ஊர்தான்.

ஏன் வேறு? உறுதியாகச் சொல்லக்கூடிய காரணங்கள் சில உண்டு. சென்னையில் முன் வரிசை இருக்கைகளை வாங்குவதில் பெரும்பங்கு கார் தொழிற்சாலைகளும் மென்பொருள் நிறுவனங்களும். காசு கம்பெனியுடையது, தேதியை மாற்ற முடியாது, எனவே விலை இறங்குவதில்லை. கொழும்பில் அந்த மாதிரி வாடிக்கையாளர்கள் குறைவு, காலியாகப் போகும் இருக்கையை நிரப்ப விலையைத் தணிக்கிறார்கள். அடுத்தது நேர் விமானம். சென்னையிலிருந்து லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் இடையில் நிற்காமல் போகிறது, கொழும்பிலிருந்து ஸ்ரீலங்கன் அப்படிப் போகிறது. நேராகப் போகிறவர் அந்த வசதிக்குக் காசு வாங்குவார். நடுவில் இறக்கி ஏற்றுகிறவர் அதற்குக் கீழேதான் விற்றாக வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்ரீலங்கன் விமானத்திலேயே சென்னை–கொழும்பு–லண்டன் என்று ஒரே டிக்கெட்டாக வாங்கினால், கொழும்பு–லண்டன் மட்டும் வாங்குவதைவிடப் பல நேரம் மலிவாக இருக்கும். இரண்டு விமானம் ஏறுகிறவருக்குக் குறைவு, ஒன்றில் ஏறுகிறவருக்கு அதிகம். கொழும்புக்காரருக்கு அது நேர் விமானம், சென்னைக்காரருக்குச் சுற்றுவழி, அவ்வளவுதான். எந்த நிறுவனமும் சொந்த ஊரில் விலை அதிகமாகவும் அண்டை ஊரில் குறைவாகவும் விற்கும் என்பது எங்கள் மேஜையில் பாலபாடம். ஆகவே கொழும்பில் மலிவைத் தேடும்போது இலங்கை நிறுவனத்தைப் பார்க்காதீர்கள், வெளி ஊர் வழியாகப் போகிறவர்களைப் பாருங்கள். நீங்கள் தற்செயலாகச் சரியான இடத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள்.

மூன்றாவது, நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம். எந்த நாட்டு விமானம் இந்தியாவுக்கு வாரத்தில் எத்தனை இருக்கை கொண்டுவரலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. துபாய்க்கு அது வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கை, பல வருஷமாக அதைக் கூட்டிக் கேட்டும் இந்தியா கொடுக்கவில்லை. கூட்டம் அதிகம், இருக்கை அளந்து விட்டது என்றால் விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான்காவது, வரி. இந்தியாவில் தொடங்கும் பயணத்துக்கு எகானமியில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. மேல் வகுப்புகளுக்கு 12 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. விமானத்தில் எங்கே ஏறித் தொடர் பயணத்தைத் தொடங்குகிறீர்கள் என்பதே அந்த வரிக்கு அடிப்படை என்பதால், கொழும்பில் தொடங்கும் டிக்கெட்டில் அது ஏறாது. எகானமியில் உங்களுக்கு ஒன்பதாயிரமும் பிசினஸில் எண்பதாயிரமும் வித்தியாசம் வந்ததற்கு இது ஒரு பெரிய காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். இந்த நான்கில் எது எவ்வளவு என்று அந்த நிறுவனத்தின் விலை போடும் பிரிவுதான் சொல்ல முடியும்.

இந்த மலிவு நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். 2022-இல் இலங்கை ரூபாய் டாலருக்கு 200-லிருந்து 360 வரை சரிந்தது. விமான எரிபொருளே இல்லாமல், கொழும்பிலிருந்து கிளம்பிய விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. தொடங்கும் ஊரின் விலை அந்த நாட்டின் நாடித்துடிப்போடு சேர்ந்தே ஏறி இறங்கும். நீங்கள் இன்று பார்த்த விலை அடுத்த வாரம் இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள்.

வில்லங்கமா என்று கேட்டீர்கள். இல்லை. விற்பனைக்கு வைத்த டிக்கெட்டை வாங்கி, அதில் எழுதியிருக்கிற ஊரிலிருந்தே ஏறுவதில் எந்தத் தப்பும் கிடையாது. தொடங்கும் ஊரை மாற்றி விலையைக் குறைப்பது இணையம் வந்த பிறகு கண்டுபிடித்ததும் அல்ல. கையால் கணக்குப் போட்ட காலத்தில், பயணம் தொடங்கும் நாட்டிலேயே விற்றதா, வெளியே விற்றதா, எழுதியது எங்கே என்பதற்கு சிட்டி, சிட்டோ, சோட்டி, சோட்டோ என்று நான்கு குறிகள் உண்டு. டிக்கெட்டின் மூலையில் அதைப் போட்டே தீர வேண்டும். நாணயம் சரிந்த நாட்டில் காசு கட்டி வேறு நாட்டில் ஏறுகிறவர்களைப் பிடிக்கத்தான் அந்தக் குறிகளும் அதற்கு மேல் ஏகப்பட்ட குறைந்தபட்சக் கட்டணச் சரிபார்ப்புகளும். 1989-இல் எல்லா நாணயத்துக்கும் பொதுவாக ஒரு கணக்கு அலகு கொண்டுவந்தார்கள். பயிற்சி வகுப்பில் எங்களை அழ வைத்த பாடம் அது. இன்று அந்தச் சரிபார்ப்பை எல்லாம் கணினி செய்துவிடுகிறது.

தப்பு எங்கே ஆரம்பிக்கும் என்றால், டிக்கெட்டைக் கொழும்பில் தொடங்குவதாக வாங்கிவிட்டுக் கொழும்புக்குப் போகாமலே ஏறப் பார்ப்பதில். ஏர் இந்தியாவில் கொழும்பு–டெல்லி–லண்டன் மலிவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘நடுவில் டெல்லிதானே, அங்கேயே ஏறிக்கொள்கிறேன்’ என்று வருஷத்துக்கு நான்கு பேராவது என்னிடம் கேட்பார்கள். நடக்காது. முதல் கூப்பனில், அதாவது டிக்கெட்டின் முதல் விமானத்தில், நீங்கள் ஏறவில்லை என்றால் மிச்சம் இருக்கிற அத்தனையும், திரும்பி வரும் பயணம் உட்பட, தானாக ரத்தாகிவிடும். கெஞ்சினாலும் கவுண்டரில் இருக்கும் பெண்ணால் ஒன்றும் செய்ய முடியாது. திரும்பும்போது கடைசித் துண்டை விட்டுவிட்டு டெல்லியில் இறங்கிக்கொள்வது வேறு வகை. அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பெட்டி கொழும்புக்குப் போய்விடும். நிறுவனம் கணக்குக் கேட்கவும் வாய்ப்பு உண்டு. லுஃப்தான்சா ஒருவர் மேல் வழக்கே போட்டது. அவர் ஆஸ்லோ–ஃபிராங்ஃபர்ட்–சியாட்டில் டிக்கெட் வாங்கி, திரும்பும்போது ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி பெர்லின் போய்விட்டார். 2,112 யூரோ கேட்டார்கள். 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது, நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்பு பயணிக்குச் சாதகம்தான். ஆனாலும் லண்டன் போய்வந்த கையோடு கோர்ட்டு வாசலை மிதிக்க யாருக்கு ஆசை?

இனி உங்கள் கணக்கு. நான்கு பேருக்கு எண்பதாயிரம் என்றால் மூன்று லட்சத்து இருபதாயிரம். கேட்க இனிமையாக இருக்கிறது. இதிலிருந்து கழியுங்கள். சென்னை–கொழும்பு போகவர, மே விடுமுறை என்பதால் ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் வரை வைத்துக்கொண்டால் ஒரு லட்சம். போகும்போது ஒரு இரவு, வரும்போது ஒரு இரவு, இரண்டு அறை: முப்பதாயிரம். டாக்சி, சாப்பாடு, இலங்கை நுழைவு அனுமதி எல்லாம் சேர்த்து இருபதாயிரம். எல்லோரும் மறக்கிற ஒன்று, கொழும்பு டிக்கெட்டின் விலை டாலரிலோ இலங்கை ரூபாயிலோ வரும். நம் ஊர்க் கார்டில் அதைக் கட்டினால் பல வங்கிகள் மூன்று மூன்றரை சதவீதம் மார்க்கப் (கூடுதல் கட்டணம்) போடும். எட்டு லட்ச ரூபாய் டிக்கெட்டுக்கு அது மட்டும் இருபத்தெட்டாயிரம். எல்லாம் போக மிஞ்சுவது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. எகானமியில் இதே கணக்கைப் போட்டால் கையிலிருந்துதான் போகும். சென்னையில் இருக்கிற குடும்பம் எகானமிக்காகக் கொழும்பு போவதை நான் எந்த நாளும் பரிந்துரைத்ததில்லை.

அந்த ஒன்றரை லட்சம் இனாமாக வருவதும் இல்லை. சென்னையிலிருந்து லண்டன் வரை ஒரே டிக்கெட் என்றால், நடுவில் ஒரு விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது, அறை கொடுப்பது, பெட்டியைத் தேடுவது எல்லாம் நிறுவனத்தின் தலைவலி. இரண்டு டிக்கெட் என்றால் நடுவில் இருக்கிற இடைவெளிக்கு உரிமையாளர் நீங்கள். சென்னை விமானம் ஐந்து மணி நேரம் தாமதமாகி லண்டன் விமானம் போய்விட்டால், முதல் நிறுவனம் ‘உங்களைக் கொழும்பில் கொண்டுவந்து விட்டோமே’ என்று சொல்லும், இரண்டாவது நிறுவனம் ‘நீங்கள் வரவே இல்லையே’ என்று சொல்லும். இரண்டுமே உண்மை. என் வாடிக்கையாளர் தம்பதி ஒருவருக்கு இது நடந்திருக்கிறது. கல்யாணமான முப்பதாம் வருஷத்துக்குப் பாரிஸ் கிளம்பினார்கள். நான்கு மணி நேர இடைவெளி வைத்து நான்தான் போட்டுக் கொடுத்தேன், அன்றைய என் அசட்டுத் துணிச்சல். சென்னையில் விமானம் பழுது, மாற்று விமானம் வர ஏழு மணி நேரம். கொழும்பில் இறங்கியபோது அவர்களுடைய டிக்கெட் செத்துப்போயிருந்தது. புது டிக்கெட்டுக்கு அவர்கள் கட்டிய தொகை, சேமித்ததைப் போல மூன்று பங்கு. பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு அதே நாளில் இரண்டு டிக்கெட்டை ஒட்டவைக்கும் வேலையை நான் யாருக்கும் செய்ததில்லை.

பயணக் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். தனித்தனி டிக்கெட்டில் தவறவிட்ட இணைப்புக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. வாங்குமுன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். பெட்டியைச் சென்னையிலேயே லண்டன் வரை டேக் போட்டுவிடுவார்கள் என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கூட்டணி நிறுவனங்கள் என்றால் சில சமயம் போட்டுக் கொடுப்பார்கள், அது கவுண்டரில் இருப்பவரின் மனசையும் அன்றைய கணினியையும் பொறுத்தது. கிடைத்தால் லாபம். அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

கட்டுநாயக்கவுக்கு வருகிறேன். பெயர்ப்பலகையில் பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம். பேச்சில் எல்லோருக்கும் கட்டுநாயக்க. கொழும்பு நகருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஊர் நீர்கொழும்புக்குத்தான் பக்கம். ஓடுபாதை ஒன்றே ஒன்று. அதைச் செப்பனிட 2017 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் பகலில் எட்டு மணி நேரம் விமான நிலையத்தையே மூடி வைத்தார்கள் என்றால் நிலைமை புரியும். வருஷத்துக்கு அறுபது லட்சம் பேர் என்று திட்டமிட்டுக் கட்டிய முனையத்தில் அதற்கு மேல் கூட்டம் வருகிறது. ஜப்பான் கடனில் தொடங்கிய இரண்டாவது முனையம் 2022 நெருக்கடியில் பாதியில் நின்றது. வரிசைகளின் நீளத்துக்குப் பாதிக் காரணம் கட்டடம், மீதிக் காரணம் நேரம். வளைகுடா விமானங்கள் இரவிலும் அதிகாலையிலும் அடுத்தடுத்துக் கிளம்பும். வழியனுப்ப வேன் பிடித்து வந்த மொத்தக் குடும்பமும் வாசலில் நிற்கும். சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்கள், பெட்டிக்குப் பழுப்பு நாடா சுற்றிக்கொண்டு நிற்பார்கள். ‘அண்ணா, இந்தக் கடதாசி சரியா எண்டு ஒருக்காப் பாருங்கோ’ என்று பாஸ்போர்ட்டை நீட்டுவார்கள். பார்த்துச் சொல்லிவிட்டே நகருங்கள். உங்களுக்கு இரண்டு நிமிஷம், அவர்களுக்கு இரண்டு வருஷம்.

பெட்டியோடு வருகிற உங்களுக்கு அங்கே வழி இப்படி. இறங்கியதும் குடிவரவு (இமிகிரேஷன்) வரிசை. அதற்கப்பால் தீர்வையற்ற கடைகள். மற்ற ஊரில் சாராயமும் வாசனைத் திரவியமும் இருக்கும் இடத்தில் இங்கே குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் அடுக்கியிருப்பார்கள். வெளிநாட்டில் உழைத்துத் திரும்புகிறவர்கள் அதை வாங்கித் தள்ளுவண்டியில் ஏற்றி வழியை அடைத்துக்கொண்டு நிற்பார்கள், கோபித்துக்கொள்ள முடியாது. பிறகு பெல்ட், சுங்கம், வெளிவாசல். வெளியே வந்து புறப்பாட்டு வாசலுக்குப் போனால், கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே எல்லாப் பெட்டியையும் எக்ஸ்ரேயில் போட வேண்டும். அந்த வரிசைதான் முதல் சோதனை. உள்ளே செக்-இன், பிறகு குடியகல்வு (நாட்டை விட்டுக் கிளம்பும்போது பாஸ்போர்ட் பார்க்கும் இடம்), கடைசியில் கேட் பக்கத்தில் இன்னொரு பாதுகாப்புச் சோதனை. அதற்கு முன் தண்ணீர் பாட்டிலைக் குடித்து முடித்துவிடுங்கள், மகளுக்கு ஜூஸ் வாங்கி வைத்திருந்தால் அதையும். செக்-இன் கவுண்டர் வழக்கமாக விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். மூன்று மணி நேரத்தில் அந்த ஒரு மணி போனால் மிஞ்சுவது இரண்டு. சென்னை விமானம் முக்கால் மணி நேரம் தாமதமானால், அது தாமதக் கணக்கிலேயே வராத தாமதம், மிச்சம் ஒன்றேகால். அதற்குள் குடிவரவு, பெல்ட், வாசல் வரிசை, நடக்க முடியாத அம்மா. போதாது. கைப்பை மட்டும் வைத்துக்கொண்டு தனியாகப் போகிற இளைஞர், வெளியே வராமல் உள்ளேயே மாறிக்கொள்ளலாம், அவருக்கு வேறு பதில் சொல்வேன்.

ஆகவே முதல் நாளே போய்விடுங்கள். கொழும்பு நகருக்குள் போக வேண்டாம், நீர்கொழும்பில் தங்குங்கள். விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுமார், கடற்கரை விடுதிகள் நிறைய. டாக்சிக்கு உள்ளே கவுண்டர் இருக்கிறது, பிக்மீ செயலியும் வேலை செய்யும். மறுநாள் விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். பிசினஸ் டிக்கெட் என்பதால் செக்-இன்னில் தனி வரிசை கிடைக்கும், ஆனால் வாசல் எக்ஸ்ரேக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். மொழிக் கவலை வேண்டாம், பலகைகளில் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கும். ‘வருகை’, ‘புறப்பாடு’ என்று தமிழில் வாசித்துக்கொண்டே அம்மா முன்னால் போய்விடுவார்.

வெளியே வந்து தங்குவதற்கு இலங்கையின் மின்னணுப் பயண அனுமதி வேண்டும், குழந்தைக்கும் தனியாக. இதை அந்நாட்டு அரசின் இணையத் தளத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். விதி அடிக்கடி மாறுகிறது. 2024 ஏப்ரலில் அந்த வேலையை வெளி நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள், ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, செப்டம்பர் கடைசியில் பழைய முறைக்கே திரும்பினார்கள். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துக் காசு கட்டிவிடாதீர்கள். சென்னையில் செக்-இன் செய்யும்போது ‘இலங்கையிலிருந்து எப்போது கிளம்புகிறீர்கள்’ என்று கேட்பார்கள். லண்டன் டிக்கெட்டை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

நம் ஆட்களுக்கே உரிய ஒரு சிக்கல், பெயர். அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தால், ஒரு நிறுவனத்தின் தளம் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி கேட்கும். ஒரே டிக்கெட்டில் இது ஒரு தடவை வரும் தொல்லை, இரண்டு டிக்கெட்டில் இரண்டு தடவை. இரண்டு இடத்திலும் வாங்குமுன் நிறுவனத்தைக் கேட்டுவிட்டு அவர்கள் சொன்னபடி போடுங்கள். சக்கர நாற்காலியும் அப்படித்தான். ஒரு டிக்கெட்டில் கேட்டது மற்றதற்குப் போய்ச் சேராது. இரண்டு பதிவிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்கும்போது படி ஏற முடியுமா என்பதையும் சொல்லுங்கள். நடக்க மட்டும் சிரமம் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர்., படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். என்று பதிவார்கள். முதல் குறியைப் போட்டுவிட்டால், விமானம் தூரத்தில் நின்று பஸ்ஸில் கொண்டுபோய் விட்டார்கள் என்றால், படிக்கட்டு அடியில் அம்மா நிற்பார்.

திரும்பும் பக்கத்தில் ஒரு சிறு வழி இருக்கிறது. தேடும்போது போவது கொழும்பு–லண்டன், வருவது லண்டன்–சென்னை என்று பல நகரத் தேடலில் போட்டுப் பாருங்கள். சில நிறுவனங்களின் கட்டண விதி இதை அனுமதிக்கும், சேமிப்பில் ஒரு பகுதி குறையும், ஆனால் களைத்து வரும்போது கொழும்பில் இன்னொரு இரவு தங்குவது மிச்சமாகும். அனுமதிக்கவில்லை என்றால் விலை ஒரேயடியாக எகிறும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இதைப் படிக்கிற லண்டன் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் தொடங்கும் ஊரின் விளையாட்டு வரியில் இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு வருஷத்துக்கு இந்தியா தூரத்துக்குப் பிரிட்டன் வாங்கிய பயணி வரி எகானமிக்கு 90 பவுண்டு, மேல் வகுப்புக்கு 216. டப்ளினில் தொடங்கி லண்டனில் 24 மணி நேரத்துக்குள் மாறிப் போகிற ஒரே டிக்கெட்டுக்கு அது கிடையாது. சென்னையில் மழைக்காலத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் முதல் நாள் போனால்கூடப் போதாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது, 2023 டிசம்பர் புயலிலும் மூடினார்கள்.

உங்களுக்கு என் பதில்: நீங்களும் மனைவியும் மட்டும் போவதாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், நீர்கொழும்பில் ஒரு நாள் நண்டும் சாப்பிடலாம். அம்மாவோடு என்றால் நான் செய்ய மாட்டேன். அந்த முழங்காலுக்காகத்தான் பிசினஸ் கிளாஸ் தேடினீர்கள். அதே முழங்காலை இரண்டு விமானம், இரண்டு விடுதி, கட்டுநாயக்க வாசல் வரிசை எல்லாவற்றிலும் இழுத்துக்கொண்டு போய், மிச்சப்படுவது ஆளுக்கு முப்பத்தைந்தாயிரம் சொச்சம். அதற்குப் பதிலாக ஒன்று யோசியுங்கள். அம்மாவுக்கும் உங்களில் ஒருவருக்கும் சென்னையிலிருந்து நேர் விமானத்தில் பிசினஸோ பிரீமியம் எகானமியோ, மற்ற இருவருக்கும் அதே விமானத்தில் எகானமி. மகள் பத்து மணி நேரம் தாண்டியும் படம் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருப்பாள். இந்தக் கூட்டுத்தொகையைக் கொழும்புக் கணக்கோடு வைத்துப் பாருங்கள், வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவு இருக்காது. அப்படியும் கொழும்பு வழியே போவதென்று முடிவு செய்தால், காசு கட்டுமுன் அந்த டிக்கெட்டின் கட்டண விதிப் பக்கத்தை, பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்துவிட்டு, இங்கே போடுங்கள். ரத்துக்கும் தேதி மாற்றத்துக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்கிறேன்.